மாதத்தை மட்டும் சரிபாருங்கள்

எங்கள் வங்கியின் அட்டைப் பிரிவுக்கு நீங்கள் போன் செய்திருந்தால் என் குரலைக் கேட்டிருப்பீர்கள். "தயவுசெய்து காத்திருங்கள். உங்கள் பணம் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது" என்று இசைக்கு நடுவே ஒரு பெண் சொல்வாளே, அவள் நான்தான். வெளியிலிருந்து ஆள் கூப்பிட்டால் செலவு என்று எங்கள் மேற்பார்வையாளர் எங்களுக்குள்ளேயே ஒருத்தியைத் தேடினார். பதறாத குரல் வேண்டும் என்றார். எல்லோரும் என்னைக் கைகாட்டிவிட்டார்கள். வீட்டில் என் குரலைக் கேட்டவர்கள் கைகாட்டியிருக்க மாட்டார்கள்.

அப்பாவுக்கு அதில் ஏகப் பெருமை. ஒரு காரணமும் இல்லாமல் அந்த எண்ணுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, அம்மாவைக் கூப்பிடுவார். "இங்க வா, பாப்பா பேசறா. எவ்வளவு தன்மையா பேசறா பாரு. நம்மகிட்டதான் எரிஞ்சு விழறா." ஆள் எடுத்ததும் வைத்துவிடுவார். இப்படி வெட்டியாகப் போன் போட்டு வரிசையை அடைக்காதீர்கள் என்று பலமுறை சண்டை போட்டிருக்கிறேன். கேட்டால்தானே.

அப்பாவும் அம்மாவும் அப்போது எங்களோடு இருந்தார்கள். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. அவர்களுடைய பழைய வீட்டை விற்றுவிட்டு, பக்கத்துத் தெருவில் ஒரு தரைத்தள வீட்டைப் பேசி முடித்திருந்தோம். படி இல்லாத வீடு, வாசலில் ஒரு சின்ன மரம். இங்கே குடிவந்த நாளிலிருந்து அம்மா கீழே இறங்கித் தெருவில் கால் வைக்கவில்லை. பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அந்த வீடு இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டிருப்பாள். திங்கட்கிழமை பத்திரப் பதிவு. விற்ற பணம் முழுவதும் எங்கள் வங்கியிலேயே அப்பாவின் கணக்கில், அவருடைய அட்டையோடு இணைந்து கிடந்தது. அதைத் தவிர அவர்களுக்கு வேறு எதுவும் இல்லை.

என் கணவர் வலைத்தளம் செய்பவர். முன்னறையில் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் மேசை, அதில் இரண்டு திரை, அவ்வளவுதான் கம்பெனி. வாடிக்கையாளர்களில் ஒன்று அடிபட்ட பறவைகளுக்கான மருத்துவமனை. அதன் நன்கொடைப் பக்கத்தை அவர்தான் எழுதினார். அட்டை எண்ணை அடித்து, விருப்பமான தொகையைக் கொடுக்கலாம். எவ்வளவு சின்னதாக இருந்தாலும் வாங்கிக்கொள்ளும்.

அதில் முதலில் பணம் போட்டவர் அப்பா. வாழ்நாள் முழுக்க லாரி ஓட்டியவர். ஒரு விரலை வைத்தால் இரண்டு எண் அழுந்தும். முதலில் அந்தப் பக்கம் எல்லாப் பக்கங்களையும் போலத்தான் இருந்தது. எதைத் தப்பாக அடித்தாலும் 'பணம் செல்லவில்லை' என்று ஒரே வரி. அப்பாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்ன மாப்ள இது, முகத்துல அடிச்ச மாதிரி சொல்லுது? எங்க தப்புன்னு சொன்னாத்தானே திருத்த முடியும்?"

"சொல்ல வச்சிடலாம் மாமா" என்றார் இவர்.

இவருக்கு இரக்க சுபாவம். நான் அதில் மயங்கித்தான் கல்யாணம் செய்துகொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து அந்தப் பக்கத்தை மாற்றினார். அட்டை எண்ணின் கடைசி இலக்கம் சும்மா வருவதல்ல, மற்ற இலக்கங்களிலிருந்து கணக்குப் போட்டு வருவது என்று எங்களுக்குச் சொன்னார். வலது பக்கத்திலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டிப்பாக்க வேண்டும். இரட்டித்தது இரண்டு இலக்கமாக வந்தால் அவற்றைக் கூட்டி ஒன்றாக்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் சேர்த்தால் பூஜ்யத்தில் முடிய வேண்டும். முடியாவிட்டால் எங்கோ விரல் தடுமாறியிருக்கிறது. அதைப் பக்கமே பார்த்து, 'ஒரு இலக்கம் மாறியிருக்கலாம், பொறுமையாகப் பாருங்கள்' என்று சொன்னது.

அதற்குப் பிறகுள்ளதை வங்கிதான் சொல்ல வேண்டும். அப்படி ஓர் அட்டை இருக்கிறதா, அது காலாவதியாகும் மாதம் சரியா, பின்பக்கத்து மூன்று இலக்கம் சரியா என்று வங்கி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் காரணம் அனுப்பும். மற்றவர்கள் அதை வெளியே காட்ட மாட்டார்கள். இவர் காட்டினார். 'எண் சரி. மாதத்தை மட்டும் சரிபாருங்கள்.' 'மாதமும் சரி. பின்பக்கத்து மூன்று இலக்கத்தை மட்டும் இன்னொரு முறை.' அப்பா அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். கம்ப்யூட்டர் ஒன்று தன்னை மதித்துப் பேசுவது அவருக்கு அதுதான் முதல் தடவை.

பிறகு ஒரு நாள் வேலையில் ஒரு பல் மருத்துவர் கூப்பிட்டார். அவர் அட்டையில் யாரோ வெளிநாட்டில் கைக்கடிகாரமாக வாங்கித் தள்ளியிருந்தார்கள். அட்டையை முடக்கினேன். வழக்கம்போல, அதற்கு முந்தைய வரவுசெலவை ஒவ்வொன்றாகப் படித்து, செய்தது அவர்தானா என்று கேட்டேன். கடிகாரங்களுக்கு முந்தைய நாள் ஒரு சின்னத் தொகை. பறவை மருத்துவமனை.

"பறவையா? எனக்குப் புறாவைக் கண்டாலே ஆகாதும்மா. பால்கனிக்கு வலை போட்டு வச்சிருக்கேன்."

சிரித்துக்கொண்டேதான் அழைப்பை முடித்தேன். என் கணவரின் தளம் என்று ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. வாடிக்கையாளரின் விவரத்தை வெளியே பேசக்கூடாது என்பதால் வீட்டில் சொல்லவில்லை.

அடுத்து ஒரு பேக்கரிக்காரர். அவருக்கும் முதலில் பறவை, மறுநாள் செல்போன்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கடுத்து ஒரு பெண். மகனின் படிப்புக்கு வைத்திருந்த பணம். நான் பேசப் பேச அவர் மூச்சு மட்டும் கேட்டது. பறவை மருத்துவமனைக்குக் கொடுத்தீர்களா என்று கேட்டபோது, "நான் யாருக்கும் எதுவும் குடுக்கலயே" என்று குழந்தையைப் போலச் சொன்னார். முந்தைய இரண்டு பேரின் பறவைகளும் என் நினைவுக்கு வந்தன. குரல் மட்டும் பதறவில்லை.

அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது கணவர் ஏகக் குஷியில் இருந்தார்.

"நன்கொடை எகிறுது தெரியுமா! டாக்டரம்மா எக்ஸ்ரே மெஷின் வாங்கலாமான்னு கேக்கறாங்க."

"யார் யார் குடுக்கறாங்கன்னு பாக்க முடியுமா?"

"பேர் இருக்காது. அட்டையோட கடைசி நாலு இலக்கம், காலாவதி மாசம்னு அவங்க அடிச்சது, அடிச்ச நேரம், நாம சொன்ன பதில், அவ்வளவுதான் வச்சிருக்கேன். ஏன்?"

"காட்டுங்க."

கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். வரி வரியாக ஓடியது. அவர் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். "பாரு, தப்பா அடிச்சு, நம்ம பதிலைப் பாத்துத் திருத்தியிருக்காங்க. இவர் பாரு, விடாம முயற்சி பண்ணியிருக்கார். எவ்வளவு நல்ல மனசு."

ஒரே அட்டை. ஜனவரி, பிப்ரவரி, மார்ச், ஏப்ரல். டிசம்பர் முடிந்ததும் அடுத்த வருடத்து ஜனவரி. ஒவ்வொன்றுக்கும் கீழே என் கணவரின் கனிவான பதில். மாதத்தை மட்டும் சரிபாருங்கள். மாதத்தை மட்டும் சரிபாருங்கள். பிறகு, மாதமும் சரி.

"என்னங்க, மனுஷன் தப்பு பண்ணா கன்னாபின்னான்னு பண்ணுவான்" என்றேன். "இது வரிசையா தப்பு பண்ணுது."

அவர் கை விசைப்பலகையிலேயே நின்றுவிட்டது. அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அட்டையைத் திருடாமலே இதெல்லாம் முடியுமா?" என்று கேட்டேன்.

"எண்ணை உண்டாக்கறது பெரிய விஷயமில்ல" என்றார் மெதுவாக. "முன்னாடி இருக்கற இலக்கம் எந்த வங்கின்னு சொல்லும். கடைசி இலக்கத்துக்குத்தான் கணக்கு இருக்கே, அது உலகத்துக்கே தெரியும். நடுவுல மாத்தி மாத்திப் போட்டா ஏதாவது ஒண்ணு உயிரோட இருக்கற அட்டையா அமையும். அமைஞ்சுதா இல்லையான்னு மட்டும் யாராவது சொல்லணும்."

"நீங்க சொல்லியிருக்கீங்க. மரியாதையா, வாங்க உக்காருங்கன்னு."

அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் மகன் படிப்புக்கு வைத்திருந்தவரின் மூச்சு என் காதிலேயே இருந்தது. கணவர் திரையின் பக்கம் திரும்பினார். அந்த நிமிடமே பதில்களையெல்லாம் அழித்துவிட்டு 'பணம் செல்லவில்லை' என்று பழைய ஒற்றை வரியைப் போட்டார். சில தடவைக்கு மேல் முயன்றால் பக்கம் பூட்டிக்கொள்ளும்படியும் செய்தார். "பணம் போன எல்லா அட்டையையும் தேதி, நேரத்தோட எடுத்துத் தரேன். உங்க ஆபீஸ்ல குடு. என் பேரைச் சொல்லி குடு" என்றார். எங்கள் மோசடித் தடுப்புப் பிரிவு அவற்றை முடக்கிவிடும். அட்டையை மட்டுமல்ல, விசாரணை முடியும்வரை கணக்கையும் நிறுத்தி வைப்பார்கள். ஒரு பைசா வெளியே போகாது.

அவர் எடுத்துக்கொண்டிருக்கும்போதுதான் அதைப் பார்த்தேன். ஏழு, ஏழு, பூஜ்யம், மூன்று. எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். அப்பா ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித்தானே அடிப்பார். அந்த எண்ணுக்குக் கீழே ஜனவரி, பிப்ரவரி, மார்ச். சற்று இறங்கிப் பார்த்தால் வேறொரு நாளில் மறுபடியும் அதே எண், மறுபடியும் ஜனவரி, பிப்ரவரி.

அப்பாவின் அறைக்கு ஓடினேன். அவர் அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, பறவைக்குப் பணம் போட்டீங்களா?"

"போட்டேனே."

"மாசத்தை ஒவ்வொண்ணா போட்டுப் பாத்தது நீங்கதானா?"

அவர் முகம் சிவந்தது. சின்னத் திருட்டில் பிடிபட்டவரைப் போல அம்மாவைப் பார்த்தார். "அட்டையில அச்சு தேஞ்சு போச்சு பாப்பா. ஆறா எட்டான்னு கண்ணுக்குத் தெரியல. ஒவ்வொண்ணா போட்டா அதுவே எது சரின்னு சொல்லிடுது. அதான். இதையெல்லாம் போய் மாப்ளகிட்ட சொல்லாதே."

நின்ற இடத்திலேயே உட்கார்ந்து சிரித்தேன். வரிசையாகத் தப்பு செய்யும் மனிதர் உலகத்தில் ஒருவர் இருந்தால் அவர் என் அப்பாவாகத்தானே இருப்பார்! அம்மாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் நான் ஒன்றைக் கேட்காமல் விட்டேன். இரண்டு நாளும் நீங்கள்தானா என்று கேட்கவில்லை.

முன்னறைக்குத் திரும்பி வந்தேன். ஏழு ஏழு பூஜ்யம் மூன்றை அவர் தனியே வைத்துவிட்டு எனக்காகக் காத்திருந்தார்.

"அது அப்பாவேதான்" என்றேன். "எடுத்துடுங்க."

"எதுக்கும் இருக்கட்டுமே. தப்பா இருந்தா விட்டுடுவாங்க."

"எப்ப விடுவாங்க? அடுத்த மாசமா? திங்கட்கிழமை கணக்கு நின்னு போச்சுன்னா பதிவு இல்ல. வீட்டுக்காரருக்கு இதைவிட அதிகமா குடுக்கறவன் வரிசையில நிக்கறான். அம்மா இந்த மாடியிலயே கிடக்கட்டுமா?"

அவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். நான்தான் எட்டி அந்த வரியை அழித்தேன். திங்கள் முடியட்டும், அப்புறம் அப்பாவுக்குப் புது அட்டை வாங்கிக்கொள்ளலாம் என்று மனதுக்குள் நியாயம் சொல்லிக்கொண்டேன். பால்கனியில் அம்மாவின் நாற்காலி அந்தத் தெருவின் பக்கம் திரும்பியபடியே இருந்தது.

மறுநாள் மேற்பார்வையாளரிடம் கொடுத்தேன். யாருடைய தளம் என்பதையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி என்னை ஒரு பார்வை பார்த்தார், பிறகு மாடிக்குப் போய்விட்டார். அன்று மதியத்துக்குள் அந்த அட்டைகள் எல்லாம் முடங்கின. முடங்கிய அட்டைக்காரர்கள் வரிசையாகக் கூப்பிட்டு எங்களைத் திட்டினார்கள். கடையில் நிற்கிறேன், பெட்ரோல் பங்கில் நிற்கிறேன், மானம் போகிறது என்றார்கள். நான் ஒவ்வொருவரிடமும் தன்மையாக மன்னிப்புக் கேட்டேன். திட்டு வாங்கும்போது உள்ளுக்குள் நிம்மதியாகக்கூட இருந்தது. அவர்கள் பணம் பிழைத்துவிட்டது.

வீட்டில் திரை அமைதியாகிவிட்டிருந்தது. ஒருவரும் மாதத்தை வரிசையாக அடிக்கவில்லை. "கிளம்பிட்டாங்க போல" என்றார் கணவர். ஆனால் அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை, சாப்பாட்டையும் அங்கேயே வாங்கிக்கொண்டார். அந்த அமைதி எனக்கும் பிடிக்கவில்லை. வந்த காரியம் முடியாமல் யாரும் இப்படிச் சத்தமில்லாமல் போக மாட்டார்கள்.

சனிக்கிழமை எனக்கு விடுமுறை. காலையில் நல்ல வெயில். அம்மா பால்கனியில் இருந்தாள். புது வீட்டுக்கு எடுத்துப் போக அப்பா பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் பெட்டிகளுக்கு மேலே எந்த அறைக்குப் போவது என்று எழுதிக்கொண்டிருந்தேன். அப்பாவின் போன் ஒருமுறை ஒலித்தது. கையைத் துடைத்துக்கொண்டு எடுத்து, தூர வைத்துப் படித்தார். அவர் முகம் மலர்ந்தது.

"மாப்ள! அசத்திட்டீங்க போங்க!" என்று முன்னறையைப் பார்த்துக் கத்தினார்.

"என்ன மாமா?"

"பறவைக்குப் பணம் போயிடுச்சுன்னு வங்கியிலிருந்து வந்திருக்கு. நான் இன்னும் அட்டையையே வெளிய எடுக்கல. ஒண்ணும் அடிக்கவும் இல்ல. அதுவா போயிடுச்சு! இப்பத்தான் ஒழுங்கா பண்ணியிருக்கீங்க."

முன்னறையில் நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது. கணவர் வாசலில் வந்து நின்றார். "ஒரே தடவை" என்றார் என்னைப் பார்த்து. "எண்ணு, மாசம், மூணு இலக்கம், எல்லாமே முதல் தடவையே சரி. தேட வரல. அட்டை இன்னும் உயிரோட இருக்கான்னு பாத்துட்டுப் போறாங்க."

இரண்டு நாள். இரண்டு ஜனவரி. அதில் ஒன்றுதான் அப்பாவுடையது.

"அப்பா, இங்க உக்காருங்க. அட்டையை எடுங்க. நான் போன் போடறேன், முடக்கச் சொல்லி நீங்க கேக்கணும். உடனே."

"எதுக்கு பாப்பா? திங்கட்கிழமை..."

"சொன்னதைச் செய்யுங்கப்பா!"

கத்திவிட்டேன். அவர் பயந்துபோய் அட்டைப்பெட்டியின் மேலேயே உட்கார்ந்தார். உறவினரின் அட்டையை ஊழியர் தொடக்கூடாது என்பது எங்கள் விதி. அட்டைக்காரரே கேட்க வேண்டும், ஊரே நிற்கும் பொது வரிசையில் நின்று கேட்க வேண்டும். என் போனில் எண்ணை அடித்து ஸ்பீக்கரில் வைத்தேன். அவசரத்தில் இரண்டு எண் சேர்ந்து அழுந்தியது. அழித்துவிட்டு மறுபடியும் அடித்தேன். மணி அடித்தது. இசை வந்தது. முடக்கிய அட்டைகளுக்காகத் திட்ட நினைத்தவர்கள் எல்லோரும் எனக்கு முன்னால் அந்த வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

பிறகு இசை தணிந்தது.

"தயவுசெய்து காத்திருங்கள்" என்றேன் நான், போனிலிருந்து. எவ்வளவு நிதானமான குரல். "உங்கள் பணம் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது."

அந்தக் குரல்வளையை நெரிக்க வேண்டும் போலிருந்தது. கணவர் தன் போனில் என் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அங்கே யாரும் எடுக்கவில்லை. நான் போட்ட சத்தத்தில் கலங்கியிருந்த அப்பா, ஸ்பீக்கரில் வந்த குரலைக் கேட்டதும் கொஞ்சம் தெளிந்தார். என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, பால்கனியைப் பார்த்து வழக்கம்போலக் கூப்பிட்டார்.

"இங்க வா, பாப்பா பேசறா."

அம்மா நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தாள். சுவரைப் பிடித்தபடி ஒவ்வொரு அடியாக எங்களை நோக்கி நடந்து வந்தாள். "தயவுசெய்து காத்திருங்கள்" என்றேன் மறுபடியும்.

அப்பாவின் கையிலிருந்த போன் ஒலித்தது. அது அடங்குவதற்குள் இன்னொன்று. அதற்குமேல் இன்னொன்று. அவர் திரையைத் தூர வைத்து, கண்ணை இடுக்கி, உதட்டை அசைத்துப் படித்தார்.

"இது பறவை மாதிரி தெரியலையே பாப்பா" என்றார்.